புதிய வெளி ஹார்ட் டிஸ்க்: பெட்டியைப் பிரித்தது முதல் படங்களைப் பத்திரப்படுத்துவது வரை

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்து, கணினியில் செருகி, அந்த நிமிடமே படங்களைக் கொட்டத் தொடங்குபவர்களே அதிகம். ஆறு மாதம் கழித்து அதே டிஸ்க்கோடு என் வீட்டு வாசலில் நிற்பார்கள். மகளின் மேக்கில் எழுத முடியவில்லை, தொலைக்காட்சியில் தெரியவில்லை, கல்யாண வீடியோவை ஏற்க மறுக்கிறது என்று புகார்கள் மாறும். தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க் காலியாக இருந்தபோது எடுத்திருக்க வேண்டிய முடிவை, அது நிறைந்த பிறகு எடுக்கப் பார்க்கிறார்கள்.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எங்கே இடம் காலி என்று டிஸ்க்கில் கணக்கு வைக்கும் முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர். ஃபார்மட் செய்யும்போது அந்தக் கணக்குப் புத்தகம் புதிதாகத் திறக்கப்படுகிறது. பழைய புத்தகம் போய்விடுகிறது. ஃபாட்32 முறைமையை என்டிஎஃப்எஸ் ஆக மாற்ற விண்டோஸில் ஒரு குறுக்குவழி உண்டு. மற்றபடி, முறைமையை மாற்றினால் உள்ளே இருப்பவை போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசை அதனால்தான் இப்படி இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு நான் மனத்தில் வைத்திருப்பது சிங்கப்பூரின் வழக்கமான ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அப்பாவிடம் விண்டோஸ் மடிக்கணினி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளிடம் மேக்புக், கூடத்தில் ஒரு தொலைக்காட்சி, எல்லார் கையிலும் கைப்பேசி.

தொடங்கும் முன்

டிஸ்க்கோடு வந்த கேபிள், கணினியின் சார்ஜர், இடையூறில்லாத ஒரு பிற்பகல் ஆகியவை போதும். மேக்புக்கில் யுஎஸ்பி-சி துளைகள் மட்டும் இருந்தால் ஓர் அடாப்டரும் வேண்டும்.

மற்ற வெளி டிஸ்க்குகள், தம்ப் டிரைவ்கள் எல்லாவற்றையும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபார்மட் செய்யும் சாளரத்தில் டிஸ்க் 1, டிஸ்க் 2 என்று வரிசையாகத் தெரியும்போது கை தவறுவது எளிது. செருகியிருப்பது ஒன்றே ஒன்றாக இருந்தால் குழப்பமே வராது.

1. இந்த டிஸ்க்கைத் தொடப்போகும் கருவிகளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த மூன்று ஆண்டுகளில் இந்த டிஸ்க் எந்தெந்தக் கருவிகளில் செருகப்படும் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலே முறைமையைத் தீர்மானித்துவிடும்.

எல்லாமே விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த முறைமை இது. மாற்றம் செய்வதற்கு முன் அதை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும் வழக்கம் உடையது. நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டால் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் மேக் இதைப் படிக்கும், தானாக எழுதாது. “பார்க்க முடிகிறது, போட முடியவில்லை” என்ற புகார் பிறக்கும் இடம் இதுதான்.

எல்லாமே மேக் என்றால் ஏபிஎஃப்எஸ். 2017-இல் மேக் கணினிகளுக்கு வந்தது. எஸ்எஸ்டியை (தட்டு சுழலாமல், சில்லில் சேமிக்கும் வகை) மனத்தில் வைத்து வடிவமைத்ததால், உள்ளே தட்டு சுழலும் வழக்கமான டிஸ்க்கில் நாளாக ஆகச் சோம்பலாக நடக்கும். விண்டோஸுக்கு இது புரியவே புரியாது.

ஃபாட்32 எங்கும் ஓடும், பழைய கார் வானொலியில்கூட. ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. கோப்பின் அளவை எழுதிவைக்க அந்த முறைமையில் 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். கல்யாண வீடியோ ஒரே கோப்பாக 11 ஜிபி இருந்தால், டிஸ்க்கில் 900 ஜிபி காலியாகக் கிடந்தாலும் அது நுழையாது. “கோப்பு மிகப் பெரியது” என்று கணினி சொல்வதைப் பார்த்து, இடம் போதவில்லை என்று நினைத்து, இன்னும் பெரிய டிஸ்க் வாங்கி வந்த உறவினர் எனக்கு உண்டு. அதையும் ஃபாட்32 ஆகவே ஃபார்மட் செய்திருந்தார்.

கலப்புக் குடும்பத்துக்கு எக்ஸ்ஃபாட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். நிறுவனம் 2019-இல் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலும் (கெர்னல்) சேர்ந்துவிட்டது. ஐஃபோன், ஐபேட் ஆகியவையும் ஏற்கும். 4 ஜிபி தொல்லை கிடையாது. ஒரு பலவீனம் உண்டு: மேலே சொன்ன பதிவேடு இதில் இல்லை. அந்தப் பலவீனத்துக்கான கூலியை ஒன்பதாம் படியில் கட்டப்போகிறோம்.

தொலைக்காட்சி மட்டும் தனிக் கதை. எந்த முறைமையை ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் பாருங்கள், இல்லையென்றால் எக்ஸ்ஃபாட் ஆக்கிய சின்னத் தம்ப் டிரைவ் ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

“பாதியை விண்டோஸுக்கும் பாதியை மேக்குக்கும் பிரித்துவிடலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பாதி நிறைந்து மறுபாதி காலியாகக் கிடக்கும். ஐஃபோனும் ஐபேடும் ஒரே ஒரு தரவுப் பகுதி உள்ள டிஸ்க்கைத்தான் ஏற்கும். மேக்கோடு வரும் தானியங்கிக் காப்புப் பிரதி வசதியான டைம் மெஷினுக்கு இடம் வேண்டுமானால் அதற்கென்று தனி டிஸ்க் வாங்குங்கள். டைம் மெஷின் எக்ஸ்ஃபாட்டில் வேலை செய்யாது. டிஸ்க்கை அழித்துத் தன் முறைமைக்கு மாற்றிக்கொள்ளவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் சொன்னால், அப்பாவின் படங்கள் போயின.

2. வாங்கும்போது இரண்டே விஷயம்

முதலாவது, அளவு. பெட்டியில் 1 டிபி என்று இருக்கும்; விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்காக எண்ணுகிறது. 2 டிபி 1.81 ஆகவும் 4 டிபி 3.63 ஆகவும் தெரியும். மேக் ஆயிரத்தின் மடங்காகவே எண்ணுவதால் அங்கே 1 டிபி என்றே வரும். இதற்காக சிம் லிம் சதுக்கத்துக் கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது, பொய்க் கொள்ளளவு. இது உண்மையான ஏமாற்று. இணையச் சந்தையில் 16 டிபி எஸ்எஸ்டி முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்ன நினைவகச் சில்லுதான். கணினி கேட்கும்போது “நான் 16 டிபி” என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிறைந்த பிறகும் நகலெடுப்பது ஓடிக்கொண்டே இருக்கும், பிழைச் செய்தி வராது. படங்களைத் திறக்கும்போதுதான் தெரியும், பாதிக்கு மேல் வெறும் பெயர்கள் என்று.

எஸ்எஸ்டியா, சுழலும் டிஸ்க்கா என்றால், பையில் போட்டு அலைவதற்கு எஸ்எஸ்டி, விழுந்தாலும் தாங்கும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கச் சுழலும் டிஸ்க். எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாகச் சேமிப்பதால், மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அந்த ஏற்றம் கசியலாம்.

3. ஏற்கெனவே பயன்படுத்திய டிஸ்க்கா? இங்கே நில்லுங்கள்

புது டிஸ்க் என்றால் அடுத்த படிக்குப் போய்விடலாம். வீட்டில் கிடந்த பழைய டிஸ்க் என்றால், செருகியவுடன் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

நான் பார்த்த இழப்புகளில் பாதி இந்த ஒரு பொத்தானில் நடந்தவை. அந்தச் செய்தியைப் பார்ப்பவர் டிஸ்க் கெட்டுவிட்டது, அல்லது காலியாக இருக்கிறது என்று நினைக்கிறார். விண்டோஸ் உண்மையில் சொல்ல வருவது “எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை” என்பது மட்டுமே. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்காக இருக்கலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக இருக்கலாம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்ய ஒரு காலத்தில் செருகியதாக இருக்கலாம். சில தொலைக்காட்சிகள் தமக்கென்று ஒரு முறைமையில் ஃபார்மட் செய்துகொள்ளும். மேக்கும் இதையே வேறு சொற்களில் கேட்கும்.

ரத்துசெய்துவிட்டு வெளியே வாருங்கள். டிஸ்க்கை வேறு வகைக் கணினியில் செருகிப் பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து (வழி ஐந்தாம் படியில்) அந்தப் பகுதிக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கலாம். “ரா” (RAW) என்று இருந்தால் விண்டோஸ் அறியாத, அல்லது சிதைந்த முறைமை.

கை தவறி ஆம் என்று அழுத்திவிட்டீர்களா? அந்த நொடியிலிருந்து அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். சுழலும் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் கணக்குப் புத்தகத்தைத்தான் மாற்றுகிறது. கோப்புகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் நிலைமை மோசம். காலி என்று அறிவிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்துவிடும்.

டிஸ்க் டக் டக் என்று தட்டும் ஓசை எழுப்பினால், அல்லது கோப்புறையைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனால், பழுதுபார்க்கும் கருவி எதையும் ஓட்டாதீர்கள். முதலில் முக்கியமானவற்றை வேறிடத்துக்கு எடுங்கள். பழுதுபார்க்கும் கருவி முழு டிஸ்க்கையும் கடைவதால், சாகும் நிலையில் உள்ள டிஸ்க் அதிலேயே செத்துவிடும்.

4. கொள்ளளவைச் சோதித்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள்

பெயருள்ள நிறுவனத்தின் சுழலும் டிஸ்க்கைத் தெரிந்த கடையில் வாங்கியிருந்தால் இந்தப் படியைத் தாண்டலாம். தம்ப் டிரைவ், எஸ்டி அட்டை, இணையத்தில் மலிவாக வாங்கிய எஸ்எஸ்டி ஆகியவற்றுக்குத் தாண்டக்கூடாது.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற கருவி. இரண்டும் காலி இடம் முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கின்றன. பெரிய டிஸ்க்குக்கு இது ஓர் இரவு வேலை. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபியை எழுத ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை.

இதை ஃபார்மட்டுக்கு முன் வைத்ததற்குக் காரணம் உண்டு. சோதனைக் கோப்புகளைத் தனியாக அழிக்க வேண்டியதில்லை, அடுத்த படியில் அவையும் போய்விடும். டிஸ்க் பொய் சொல்கிறது என்று தெரிந்தால் அத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம், மற்ற உழைப்பு மிச்சம்.

5. பகுதி அட்டவணை: ஜிபிடி

கோப்பு முறைமைக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது: டிஸ்க் எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. வழக்கமான 512 பைட் அலகில் எம்பிஆரால் சுமார் 2.2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. 4 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் அமைத்தால் மீதி இடம் கறுப்புப் பட்டையாக, ஒதுக்கப்படாததாகக் கிடக்கும். ஒரு கடையில் “இலவசமாகத் தயார் செய்து தருகிறோம்” என்று இப்படிப் பாதி டிஸ்க்கைத் தொலைத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸில் தொடக்கப் பொத்தானின் மேல் வலது சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப் பாதியில் உங்கள் டிஸ்க்கை அதன் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். டிஸ்க் 0 பெரும்பாலும் கணினியின் உள்ளே இருப்பது, அதைத் தொடாதீர்கள். புது டிஸ்க்கின் பகுதியை நீக்குங்கள். பிறகு இடது ஓரத்தில் “டிஸ்க் 1” என்று எழுதியிருக்கும் சாம்பல் நிறக் கட்டத்தின் மேல் வலது சொடுக்கி ஜிபிடிக்கு மாற்றும் கட்டளையைத் தேடுங்கள். வலப்பக்கப் பட்டையின் மேல் சொடுக்கிவிட்டு “கட்டளையே இல்லையே” என்று சொல்பவர்கள் பலர். பகுதியை நீக்காமல் வந்தால் கட்டளை மங்கிக் கிடக்கும். ஜிபிடியாக ஏற்கெனவே இருந்தால், எம்பிஆருக்கு மாற்றவா என்று எதிர்த்திசையில் காட்டும், விட்டுவிடுங்கள்.

மிகப் பழைய தொலைக்காட்சி சில ஜிபிடியை அறியாது. டிஸ்க் 2 டிபி அல்லது அதற்குக் குறைவாக இருந்து, தொலைக்காட்சிதான் முக்கியம் என்றால் மட்டும் எம்பிஆரில் விடலாம்.

6. ஃபார்மட்

கலப்புக் குடும்பத்துக்கு விண்டோஸ் கணினியிலேயே எக்ஸ்ஃபாட் செய்யுங்கள். மேக்கில் ஃபார்மட் செய்த எக்ஸ்ஃபாட்டை விண்டோஸ் ஏற்காமல் முரண்டு பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்திசையில் அந்தத் தொல்லை வந்ததில்லை.

ஒதுக்கப்படாத கறுப்புப் பட்டையில் வலது சொடுக்கி, புதிய எளிய பகுதியை உருவாக்குங்கள். அளவை மாற்றாமல் விடுங்கள். முறைமைப் பட்டியலில் எக்ஸ்ஃபாட்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இல்லையென்றால் இப்போதைக்கு என்டிஎஃப்எஸ் என்று முடித்துவிட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த டிரைவின் மேல் வலது சொடுக்கி ஃபார்மட்டை எடுத்து அங்கே மாற்றுங்கள்.

ஒதுக்கீட்டு அலகு என்ற ஒரு பெட்டி இருக்கும். கோப்பு முறைமை இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகவே கொடுக்கும். ஒரு கட்டத்தை இரண்டு கோப்புகள் பகிர முடியாது. 32 ஜிபியைத் தாண்டிய டிஸ்க்கில் எக்ஸ்ஃபாட்டின் இயல்பான கட்டம் 128 கேபி. 2 கேபி அளவுள்ள 10,000 சின்னக் கோப்புகள் இருந்தால் ஏறத்தாழ 1.2 ஜிபி விழுங்கிவிடும். என்டிஎஃப்எஸின் 4 கேபி கட்டத்தில் அதே கோப்புகளுக்கு 40 எம்பி போதும். ஆனால் படமும் வீடியோவும் எம்பிக் கணக்கில் இருப்பவை. அவற்றுக்கு இந்த வீணடிப்பு பொருட்டல்ல. இயல்பான அளவை அப்படியே விடுங்கள்.

டிஸ்க்கின் பெயர் 11 எழுத்துக்குள் இருக்கட்டும், ஆங்கில எழுத்தில் இருப்பது நல்லது. 11 என்பது எக்ஸ்ஃபாட்டின் வரம்பு.

விரைவு ஃபார்மட்டா, முழு ஃபார்மட்டா? நான்காம் படியைச் செய்திருந்தால் விரைவு போதும். பழைய டிஸ்க்கை மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்றால் முழு ஃபார்மட் செய்யுங்கள். அது ஒவ்வோர் இடத்திலும் சுழியம் எழுதி, கெட்ட இடங்களைக் குறித்துவைக்கும். 2 டிபிக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஃபார்மட் செய்யக் கையில் மேக் மட்டுமே இருக்கிறது என்றால், அதன் டிஸ்க் யுட்டிலிட்டி மென்பொருளில், பார்வைப் பட்டியலிலிருந்து எல்லாக் கருவிகளையும் காட்டும்படி முதலில் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் பகுதி மட்டும் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து அழித்தால் அட்டவணையைக் கேட்கும் பெட்டியே வராது. மேல்நிலையில் உள்ள டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்ஃபாட், ஜியுஐடி அட்டவணை என்று கொடுத்து அழியுங்கள். ஜியுஐடி என்பது ஜிபிடியேதான்.

7. நகலெடுக்கும் முன்: பெயர்களும் பூட்டும்

இந்தப் படியைத் தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் பொது முறையான யுனிகோடில் “கோ” என்ற எழுத்தின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். “கொ”, “கௌ” எழுத்துகளுக்கும் இப்படித்தான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதிவைக்கும். விண்டோஸ் விசைப்பலகையில் தட்டியது பெரும்பாலும் சேர்ந்த வடிவில் இருக்கும். எக்ஸ்ஃபாட்டுக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

விளைவு: “கோயில் படங்கள்” என்ற கோப்புறை அடுத்தடுத்து இரண்டு இருக்கும். ஒன்றில் தேடினால் மற்றொன்றில் உள்ளது கிடைக்காது. பழைய மேக்கிலிருந்து நகலெடுக்கும்போது இப்படி நடந்தால் பேய் பிசாசு என்று பயப்படாமல் ஒன்றை “கோயில் படங்கள் 2” என்று மாற்றிவிட்டு, பிறகு இரண்டையும் ஒன்றாக்குங்கள். நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

நீளமும் ஒரு சிக்கல். எக்ஸ்ஃபாட்டும் என்டிஎஃப்எஸ்ஸும் பெயரின் நீளத்தைக் குறிகளால் எண்ணுகின்றன, வரம்பு 255. வீட்டுச் சேமிப்பகப் பெட்டிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 பைட்டுகளால் எண்ணுகிறது. அங்கும் வரம்பு 255, ஆனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். “தைப்பூசம்” நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு 9 குறிகள், 27 பைட்டுகள். ஆக 85 குறிகளில் இடம் தீர்ந்துவிடும். “தைப்பூசம் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரை அப்பா காவடி எடுத்தது பெரியப்பா வீட்டார் வந்தது” என்று ஒரு கதையையே பெயராக வைத்தால் என்றாவது ஒருநாள் நகலெடுப்பது பாதியில் நிற்கும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி ஆகியவற்றையும் பெயரில் தவிருங்கள். மேக் ஏற்றுக்கொள்ளும் கேள்விக்குறியை விண்டோஸ் ஏற்காது. என் பழக்கம்: 2024-01-25 தைப்பூசம். ஆண்டு முன்னால் நின்றால் வரிசையும் தானாக அமையும்.

அடையாள அட்டை, கடப்பிதழ், வங்கி அறிக்கை, மத்திய சேம நிதி அறிக்கை ஆகியவற்றின் நகல்களும் இந்த டிஸ்க்கில் போகுமா? அப்படியானால் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டும் ஏற்பாட்டை இப்போதே செய்யுங்கள். முதலில் சும்மா போட்டுவிட்டுப் பிறகு பூட்டினால், அழித்த கோப்புகளின் தடம் டிஸ்க்கில் மிஞ்சும். விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டியதை மேக் திறக்காது, மேக்கில் பூட்டியதை விண்டோஸ் திறக்காது. இரண்டிலும் ஓடும் வேராகிரிப்ட் என்ற மென்பொருளில் சில ஜிபி அளவுக்கு ஒரு பூட்டிய பெட்டகக் கோப்பை உருவாக்கி, ஆவணங்களை மட்டும் அதனுள் வையுங்கள். படங்களைப் பூட்ட வேண்டாம். கடவுச்சொல்லை மறந்தால் திறக்க வேறு வழி கிடையாது, பாட்டியின் படங்களுக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

8. நகலெடுத்தல்

வெட்டி ஒட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் கேபிள் அசைந்தால் பாதி இங்கே, பாதி அங்கே. எது எங்கே என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

துளையைப் பாருங்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் ஓடும். 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம். யுஎஸ்பி 3.0 துளையில் சுழலும் டிஸ்க் நொடிக்கு 120 எம்பி கொடுத்தால் எழுபது நிமிடம். பல மடிக்கணினிகளில் வேகமான துளையின் உள்ளே நீல நிறம் இருக்கும். சில டிஸ்க்குகள் தொடக்கத்தில் வேகமாக ஓடி, கொஞ்ச நேரத்தில் தவழத் தொடங்கும். வரும் தரவை முதலில் வாங்கி வைக்கும் அதன் வேகமான தற்காலிக இடம் நிறைந்துவிட்டது என்று பொருள். பயந்து பிடுங்க வேண்டாம்.

கணினி உறங்காதபடி அமைப்பை மாற்றி, சார்ஜரைச் செருகிவிட்டு, ஆண்டு ஆண்டாக நகலெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டால், பிழை வரும்போது எதுவரை போனது என்று தெரியாது.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் கோப்புறையை நகலெடுப்பவர்கள் சின்ன மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. முதலில் இந்தச் சாதனத்திலேயே வைத்திருக்கும்படி மாற்றி, இறங்கி முடிந்த பிறகு நகலெடுங்கள். ஐஃபோனிலிருந்து விண்டோஸுக்கு எடுப்பவர்கள், கைப்பேசியின் படங்களுக்கான அமைப்பில், கணினிக்கு மாற்றும்போது அசலையே வைத்திருக்கும்படி தேர்ந்தெடுங்கள். தானியங்கி என்று விட்டால் ஒவ்வொரு படத்தையும் வடிவம் மாற்றிக்கொண்டே அனுப்பும். பாதியில் “சாதனம் இயங்கவில்லை” என்ற பிழை வந்து நிற்கும்.

மேக்கிலிருந்து எக்ஸ்ஃபாட்டுக்கு எடுத்தால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த இரட்டைக் கோப்புகள் விண்டோஸில் தெரியும். திறந்தால் திறக்காது. படம் கெட்டுப்போகவில்லை. மேக் தன் கூடுதல் குறிப்புகளை எழுதிவைத்த சீட்டுகள் அவை.

9. கழற்றி, மறுபடி செருகி, சரிபாருங்கள்

எக்ஸ்ஃபாட்டில் பதிவேடு இல்லை என்று சொன்னேன் அல்லவா, கூலி கட்டும் இடம் இது. நகலெடுக்கும் பட்டை 100 சதவீதம் காட்டினாலும் கடைசித் துண்டு இன்னும் கணினியின் நினைவகத்தில் இருக்கலாம். பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி வந்த பிறகே கேபிளைத் தொடுங்கள். வெளியேற்ற முடியவில்லை என்றால் ஏதோ ஒரு மென்பொருள் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கணினியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

மறுபடி செருகிய பிறகுதான் சரிபார்க்க வேண்டும். கழற்றாமல் சரிபார்த்தால் கணினி டிஸ்க்கைப் படிக்காமல், தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துவிட்டு “சரி” என்று சொல்லக்கூடும்.

எளிய வழி: மூலக் கோப்புறையிலும் நகலிலும் பண்புகளைத் திறந்து, கோப்பு எண்ணிக்கையையும் பைட் கணக்கில் அளவையும் ஒப்பிடுவது. அளவு என்ற வரியைப் பாருங்கள். டிஸ்க்கில் பிடித்துள்ள அளவு என்ற வரி கட்டத்தின் அளவைப் பொறுத்து மாறும், அதை ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். உறுதியான வழி: ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற இலவசக் கருவியில், உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவது. இயல்பாக அது நேரத்தையும் அளவையும் மட்டுமே பார்க்கும், மாற்ற மறக்காதீர்கள். முடிவில் ஒப்பீட்டை மட்டும் படித்துவிட்டு வெளியே வாருங்கள். ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கத்தை எந்தப் பக்கம் அழிக்கும் என்பது அமைப்பைப் பொறுத்தது.

10. இரண்டாவது டிஸ்க், பிறகு அழிப்பது

ஒரே டிஸ்க்கில் இருப்பது காப்புப் பிரதி ஆகாது. அது இடமாற்றம் மட்டுமே. இன்னொரு டிஸ்க்கில் நான்கு முதல் ஒன்பது வரை இதே வரிசையைச் செய்யுங்கள். வேறு தயாரிப்பாளர், வேறு கடை என்றால் இன்னும் நல்லது. அதை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது தங்கை வீட்டு அலமாரியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் வீட்டுக்குப் போகும்போது செருகிப் பார்த்து, புதுப் படங்களைச் சேர்த்துவிட்டு வருகிறேன்.

இரண்டு டிஸ்க்குகளும் சரிபார்க்கப்பட்ட பிறகே கைப்பேசியில் அழிக்கத் தொடங்குங்கள். ஐகிளவுட் படங்கள் இயங்கிக்கொண்டிருந்தால், கைப்பேசியில் அழிப்பது மற்றக் கருவிகளிலும் அழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று உடனே “சமீபத்தில் நீக்கியவை” தொகுப்பையும் காலி செய்துவிடாதீர்கள். ஐஃபோன் அவற்றை 30 நாள் வைத்திருக்கும். அந்த 30 நாளும் அப்படியே விட்டுவிட்டு, இடையிடையே வெளி டிஸ்க்கிலிருந்து நாலைந்து படங்களையும் ஒரு நீளமான வீடியோவையும் மகளின் மேக்கில் திறந்து பாருங்கள்.